மிலாற்றுக் கரிக்குள் ஓலைக் குருவி

புகைக்கு மூன்று நிறம் உண்டு என்பது எனக்கு அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரைக்கும் புகை என்றால் கண்ணை எரிக்கும், இருமல் கொண்டுவரும், துவைத்துப் போட்ட சேலையில் வந்து உட்காரும், அவ்வளவுதான். எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்தில் பிறந்து, அதே லயத்தில் வாழ்க்கைப்பட்டு, அடுப்பு முன்னாலேயே கிடந்தவளுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

எங்கள் அடுப்புக்கு விறகு மிலாறு. தேயிலைச் செடி வயசாகி உயர்ந்து போனால் சில வருசத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். அதைக் கவ்வாத்து என்போம். வெட்டி விழுகிற குச்சிதான் மிலாறு. கவ்வாத்து முடிந்த மலையில் பொம்பளைகள் எல்லாம் போய் அதைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வருவோம். மிலாறு சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் எரிந்து போகும். சோறு வேகிற வரைக்கும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

டவுன் சனம் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றார்களே, அந்தக் கஷ்ட காலத்துக்குப் பிறகு ஒருநாள் சுயதொழில் சொல்லிக்கொடுக்க மாத்தளையிலிருந்து ஒரு மிஸ் வந்தார். முஸ்லிம் பிள்ளை. தலைத்துணியை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு, சேற்றில் கால் வைக்கக் கூச்சப்படாமல் நடந்து வந்தார். பேச்சு வேகத்தில் எங்களை உம்மா என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டே அம்மா என்று மாற்றிக்கொள்வார். கொஞ்ச நாளில் மாற்றுவதையும் விட்டுவிட்டார். நாங்களும் உம்மாவாகவே இருந்தோம்.

மிலாற்றையும், மலையில் மக்கிப் போகிற சருகையும், காய்ந்த கொப்பையும் கரியாக்கி, அந்தக் கரியைக் கட்டியாக அமுக்கிக் காய வைத்தால் டவுன் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்றார் மிஸ். பழைய பிள்ளை மடுவத்தைத் தோட்ட ஆபீஸில் விட்டுக்கொடுத்தார்கள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. பிள்ளைகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிய பிறகு சும்மா கிடந்தது. சுவரில் இன்னும் முயல் படம் இருந்தது. பிள்ளைகள் உட்காரும் குட்டை வாங்குகளும் இருந்தன. வேலையை விட்டு நின்ற ஐந்து பொம்பளைகள் அங்கே கூடினோம்.

வெளியே கூரை இறக்கின இடத்தில் இரும்புப் பீப்பாய். முதல் நாள் மிஸ் அதன் பக்கத்தில் நின்று சொன்னார்.

"காத்து நெறையக் கெடச்சா குச்சி சாம்பலாப் போயிரும் உம்மா. அடியில நெருப்ப வெச்சிட்டு, மேல மேல குச்சியப் போட்டுக்கிட்டே வரணும். மேல உள்ளது எரியிறப்ப கீழ உள்ளதுக்குக் காத்து கெடைக்காது, அது கரியா நின்னுரும். முதல்ல வெள்ளப் புகை வரும், அது குச்சியில இருக்கிற தண்ணி. அப்புறம் மஞ்சளா, தடிப்பா வரும். கடைசியா மெலிசா நீலமா வரும். நீலத்தக் கண்டதும் மூடிரணும். கொஞ்சம் பிந்தினாலும் சாம்பல்தான் மிஞ்சும்."

புகையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றதும் பக்கத்துக் காம்பராக்காரி என்னைக் காட்டினாள்.

"எங்க மதினியப் போடுங்க மிஸ். அவ சும்மாவே மானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறவ. இனி அதயே வேலைன்னு சொல்லிக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

அவளும் நானும் ஒருவரை ஒருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். விடியும்போது அவள் கரண்டிக் காம்பால் அந்தச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். எழும்பிவிட்டாயா என்று அர்த்தம். நான் பதிலுக்கு ஒரு தட்டு. நாற்பது வருசமாக எங்கள் பொழுது அப்படித்தான் விடிகிறது. அவள் பேசுவாள், நான் கேட்பேன். எனக்கு ஆள்கூட்டத்தில் பேச்சு வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் அழுதுவிடுவேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதுகூடக் கையைத்தான் தூக்குவேன். கணக்கப்பிள்ளை, "இந்தப் புள்ளைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பார்.

அதனால் பீப்பாய் வேலை எனக்குப் பிடித்துப் போனது. காலையில் மலை முழுக்கப் பனி இறங்கி நிற்கும். அதற்குள்ளே வெள்ளைப் புகை போய்ச் சேரும். எது பனி, எது புகை என்று தெரியாது. ஒரு நேரத்தில் நான் நிற்கிற இடமும் எனக்குத் தெரியாமல் போகும். கால் தரையில் இருக்கிறது என்பதைச் சூடு பட்டுத்தான் அறிந்துகொள்வேன். பிறகு மஞ்சள் வரும். அது கனத்த புகை, நகர மனமில்லாமல் கூரையைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அப்புறம், யாரோ அழைத்த மாதிரி, நீலம். அவ்வளவு மெல்லிசான நீலத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. மாதா படத்து முக்காட்டில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இருக்கும்.

இனி ஓலை மூட்டையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்தில் நாற்பது வீடு வேதக்காரர்கள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் தென்னங்குருத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைப்போம். வருசம் முழுக்க அங்கேயே காயும். அடுத்த வருசம் விபூதிப் புதனுக்கு முந்தி எல்லா வீட்டுப் பழைய ஓலையையும் சேர்த்து எரித்து, அந்தச் சாம்பலைத்தான் பாதர் நெற்றியில் பூசுவார். கோயிலைக் கூட்டுகிறவள் நான் என்பதால் ஓலை சேர்ப்பதும் என் பொறுப்பு. ஒரு உரச் சாக்கை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போவேன். பேச வேண்டியதில்லை, சாக்கைக் கண்டாலே கொண்டுவந்து போடுவார்கள்.

பக்கத்துக் காம்பராவில் மட்டும் அந்த வருசம் கொஞ்சம் நிற்க வேண்டி வந்தது. மதினியின் வீட்டுக்காரர் அதற்கு முந்தின ஆடியில்தான் செத்துப் போயிருந்தார். அவரை நான் அண்ணன் என்பேன். மற்றவர்கள் ஓலையைச் சிலுவையாக மடிப்பார்கள். அவர் கோயில் வாங்கில் உட்கார்ந்தே குருவி பின்னிவிடுவார். வால் நீட்டிக்கொண்டு, மூக்குக் கூராக, இப்போதே பறந்துவிடும் போலிருக்கும். பிரசங்க நேரத்தில் அது முன்வாங்குப் பிள்ளையின் தலையில் உட்கார்ந்திருக்கும். அவர் கடைசியாகப் பின்னின குருவி படத்துக்குப் பின்னால் காய்ந்து, வைக்கோல் நிறமாகி இருந்தது.

மதினி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, வாலை விரலால் நீவினாள்.

"வச்சிக்க வேணும்னா வச்சிக்க மதினி" என்றேன்.

"வச்சிக்கிட்டா பூச்சிதான் அரிக்கும். சாம்பலானா புதன்கெழம நெத்தியில வாங்கிக்கலாம். ஒரு நாளாச்சும் இந்த மனுசனத் தல மேல தூக்கி வச்ச மாதிரி இருக்கும்."

சாக்குக்குள் போட்டாள். போட்ட பிறகும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "பத்தரமா வச்சிரு" என்றாள்.

பத்திரமாகத்தான் வைத்தேன். கோயில் கூரை ஒழுகுகிறது என்று மூட்டையைப் பிள்ளை மடுவத்துக்குக் கொண்டுபோய் மேலே கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மழையில் அங்கேயும் ஒழுகியது. இறக்கிக் கீழே வைத்தேன். வைத்த இடம் சருகு மூட்டைகளுக்குப் பக்கம். எல்லாமே ஒரே மாதிரி உரச் சாக்கு. அன்றைக்கு அதை நான் யோசிக்கவில்லை.

அடுத்து நெருப்பு மூட்டின நாள் பனி அதிகம். மிலாறு ஈரமாக இருந்தது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. நெருப்புத் தணியும் போலிருந்ததால், கண்ணைப் புகையிலிருந்து எடுக்காமல், பின்னால் கையை நீட்டிச் சருகு மூட்டை ஒன்றை இழுத்து அப்படியே கவிழ்த்தேன். நெருப்பு குபுக்கென்று எழும்பியது. அதன் மேலே மிலாற்றை அடுக்கினேன். புகை மஞ்சளானது. அந்த மஞ்சளுக்குள் வேறொரு வாசம் ஒரு நூல் மாதிரி வந்தது. எனக்கு உடனே குருத்தோலை ஞாயிறு ஞாபகம் வந்தது. பிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டு லயத்து வாசலால் போவதும், அண்ணன் பின்னால் பாட்டுத் தவறிப் பாடிக்கொண்டு வருவதும் அப்படியே கண்ணுக்குள் வந்தன. இது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நல்ல ஞாபகமாக இருந்தது, அதிலேயே நின்றேன். நீலம் வந்தது. மூடி போட்டு, விளிம்பில் சேறு பூசிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் ஆறின பீப்பாயைத் திறந்தேன். மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. நேரத்துக்கு மூடிய கரி உருவம் மாறாது. குச்சி குச்சியாகவே இருக்கும், இலையின் நரம்புகூடத் தெரியும், நிறம் மட்டும் கறுப்பு. மேலே கிடந்த மிலாற்றுக் கரியைக் கையால் அள்ளி விலக்கினேன். கீழே ஒரு கறுப்புச் சிலுவை. பக்கத்தில் இன்னொன்று. அடுக்கடுக்காக, மடிப்புக் குலையாமல், நாற்பது வீட்டுச் சிலுவையும். நடுவில் குருவி உட்கார்ந்திருந்தது. வால் நீட்டி, மூக்குக் கூராக, கன்னங்கரேலென்று.

அள்ளுவதை நிறுத்தினேன். பயத்தாலா, அதன் அழகாலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மெதுவாக இரண்டு கையையும் விட்டு எடுத்தேன். கனமே இல்லை. விளிம்பு வரைக்கும் வந்தது. பிறகு என் விரலுக்கு நடுவில் சத்தமில்லாமல் தூளாகிக் கரியோடு கரியாகப் போய்விட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மற்றவர்கள் வந்தார்கள், மதினி சிரித்துக்கொண்டு வந்தாள், என் வாய் திறக்கவில்லை. உரலில் போட்டு இடித்தோம். சல்லடையில் சலித்தோம். மரவள்ளி மாவில் கூழ் காய்ச்சி, கரித்தூளில் விட்டுப் பிசைந்தோம். தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றில் அந்தப் பிசையலை அடைத்து, கட்டையால் அமுக்கித் தள்ளினால் நடுவில் ஓட்டையோடு வட்டமாக வந்து விழும். மதினி அதற்கு வடை என்று பேர் வைத்திருந்தாள். அந்தப் பீப்பாய்க் கரியில் செய்த வடைகளை மட்டும் நான் தனியாக எடுத்து, ஜன்னலோரப் பலகையில் அடுக்கினேன். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். வெயில் பட்டு அது நாளுக்கு நாள் காய்ந்தது. நானும் அதைப் பார்த்துப் பார்த்துக் காய்ந்தேன். ராத்திரியில் படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் மதினி இருமுவது கேட்கும். எழும்பிச் சுவரைத் தட்டிச் சொல்லிவிடலாமா என்று நினைப்பேன். நினைக்கும்போதே தூங்கிப் போவேன்.

புதனுக்கு முந்தின சனிக்கிழமை டவுன் கடைக்காரரின் த்ரீவீல் வருவதாக இருந்தது. முதல் தடவையாக எங்கள் கரி வெளியே போகிறது. மிஸ் புதுச் செருப்புப் போட்டு வந்திருந்தார். நாங்கள் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தோம். நான் ஜன்னலோரப் பலகையைக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி வைத்தேன். அப்போதுதான் கோயில் உபதேசியார் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஓல மூட்டையக் குடுங்க. இன்னைக்கே எரிச்சுச் சலிச்சு வச்சாத்தான் புதனுக்குச் சரியா இருக்கும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மதினி மட்டும் பார்க்கவில்லை. அவள் ஜன்னலோரப் பலகைக்குப் போய், அதிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிப் பெட்டிக்குள் போடப் போனாள். ரோட்டில் த்ரீவீல் ஹோர்ன் அடித்தது.

"அதப் போடாத மதினி" என்றேன்.

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

"ஏன், காயலியா?"

"அதுல அண்ணன் இருக்காரு."

மிஸ் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினார்.

"எந்த அண்ணன்?" என்றாள் மதினி.

"ஒன் வீட்டுக்காரரு. குருவி. நான் பாக்காம மூட்டையக் கவுத்துட்டேன். எல்லா வீட்டு ஓலையும் அதுலதான் இருக்கு. கரியாக்கி, இடிச்சு, வடையாக்கிட்டேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நான் பேசின நீளமான பேச்சு அதுதான். உபதேசியார் "யேசுவே" என்று குடையில் சாய்ந்தார். மதினி கையில் இருந்த வடைகளைத் திருப்பிப் பலகையில் வைத்தாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் குட்டை வாங்கில் போய் உட்கார்ந்தாள். முழங்கால் தாடையைத் தொடுகிற மாதிரி, முயல் படத்துக்குக் கீழே. அந்த வடையை முகர்ந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஹோர்ன் மறுபடியும் அடித்தது.

"கடைக்காரன மத்தப் பலகையில உள்ளத எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க மிஸ்" என்றாள். "இது எங்க வீட்டு ஆளு. கொத்து ரொட்டி போட அனுப்ப மாட்டேன்."

த்ரீவீல் போன பிறகு எழும்பி, மடியில் நாலு வடையைக் கட்டிக்கொண்டு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம், மிஸ், உபதேசியார் எல்லாரும். தன் காம்பராவில் அடுப்புச் சாம்பலைச் சுத்தமாக அள்ளிக் கொட்டிவிட்டு, ஈரத்துணியால் அடுப்பைத் துடைத்து, அந்த வடைகளை வைத்துப் பற்றவைத்தாள். கேத்தலை ஏற்றினாள்.

"நாப்பத்திரெண்டு வருசம். ஒரு நாளாச்சும் அடுப்பு மூட்டியிருப்பாரா? காச்சல்ல கெடந்தப்பகூட எழும்பி நானேதான் தேத்தண்ணி வச்சேன். இன்னைக்கு அவரு வைக்கட்டும். குடிச்சிட்டுப் போங்க எல்லாரும்."

கரி மெதுவாகச் சிவந்தது. ஊத வேண்டியிருக்கவில்லை. தணல் ஒரே மாதிரி நின்றது.

"பாருங்க, எவ்வளவு பொறுமையா எரியிறாரு. இருந்தப்ப எங்க போச்சு இந்தப் பொறும?"

உபதேசியார் வெடித்துச் சிரித்துவிட்டார். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். மதினியும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணிலிருந்து வழிந்தது. மிலாற்று அடுப்பாக இருந்தால் புகை என்று சொல்லித் துடைத்துக்கொள்ளலாம். அந்தக் கரியில் புகையே இல்லை. அதனால் அவள் ஒன்றும் சொல்லாமல் துடைத்துக்கொண்டாள்.

மீதி வடைகளை உபதேசியார் எண்ணி, ஓலை கொடுத்த வீட்டுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தார். அடுப்பைத் துடைத்துவிட்டு இதில் மட்டும் சமைக்க வேண்டும், சாம்பலைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். செவ்வாய்க்கிழமைக்குள் பால்மா டின்களில் சாம்பல் வந்து சேர்ந்தது. பாதரிடம் விசயத்தைச் சொன்னபோது அவர் என்ன சொல்வாரோ என்று நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் டின்னுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "நல்லாச் சலிச்சிங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் சனிக்கிழமைக்குப் பிறகு சுவரில் தட்டு வரவில்லை. ஞாயிறு விடிந்தது, திங்கள் விடிந்தது. நான் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும், தண்ணீர் ஊற்றும் சத்தம் வரும், கரண்டி மட்டும் சுவருக்கு வராது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். கோபம் என்றும் சொல்ல முடியாது. தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிற முகம்.

விபூதிப் புதன் அன்று சாயந்தரம் தூறலாக இருந்தது. அந்த வருசச் சாம்பல் எப்போதும் போல் கறுப்பாக இல்லை, வெளிறின நிறம், தேயிலைக் குச்சி கலந்தது. மதினி எனக்கு முன்னால் நின்றாள். பாதர் பெருவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். அவள் கண்ணை மூடி, மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். பாதர் அவசரப்படுத்தவில்லை. கோயிலை விட்டு இறங்கும்போது தூறல் பலத்தது. எல்லாரும் தலைக்கு முந்தானை போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவள் தலையை நனைய விட்டுவிட்டு, நெற்றிக்கு மட்டும் கையைக் கூரை மாதிரி பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனாள். நான் பின்னாலேயே நடந்தேன். பனிக்குள் அவள் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

அடுத்த நாள் காலையிலும் தட்டு இல்லை. நான் பிள்ளை மடுவத்துக்குப் போனேன். இப்போதெல்லாம் எந்த மூட்டையையும் முதலில் தரையில் கொட்டி, கையால் அளைந்து பார்த்துவிட்டுத்தான் பீப்பாய் பக்கம் கொண்டுபோவேன். அப்படிப் பார்த்து, போட்டு, நெருப்பு மூட்டினேன். வெள்ளைப் புகை பனிக்குள் ஏறியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. பீப்பாயின் இரும்பில் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு.

"இந்த முற யாரப் போட்டிருக்க மதினி?"

பக்கத்தில் கிடந்த மிலாற்றுக் குச்சியை எடுத்து நானும் ஒரு தட்டுத் தட்டினேன். புகை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. நீலம் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.